மருதமலை அடிவாரத்தில் 14 சென்ட்: முன்வாசலில் புல்தரை போடலாமா?

புதுவீட்டுக்காரன் | மார்ச் 9, காலை 7.40

அனைவருக்கும் வணக்கம். வடவள்ளி தாண்டி, மொட்டைமாடியில் நின்றால் மருதமலைக் கோயில் விளக்கு தெரிகிற தூரத்தில், 14 சென்ட் இடத்தில் வீடு கட்டி முடித்திருக்கிறோம். தைப்பூசத்துக்கு முன்பே பால் காய்ச்சியாகிவிட்டது. வீடு 1,200 சதுர அடி. மீதியெல்லாம் வெறும் மண்.

சாலை மேற்கே. இடம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. 100 அடி நீளத்தில் 4 அடி இறக்கம் இருப்பதாக மேஸ்திரி டியூப் லெவல் பிடித்துச் சொன்னார். ஆழ்துளைக் கிணறு 620 அடி, தண்ணீர் கொஞ்சம் உப்பு.

தோட்டம் அமைத்துத் தருபவர் ஒருவர் வந்து பார்த்தார். முன்பக்கம் 4 சென்ட்டுக்கு மெக்சிகன் புல், சுற்றிலும் கோனோகார்பஸ் வேலி, நடுவில் நான்கு பாட்டில் பாம், பின்பக்கம் முழுக்க மண் அடித்து மட்டமாக்கி இன்டர்லாக் கல். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி, விலைப்பட்டியலையும் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். குழந்தை விளையாடப் புல் வேண்டும் என்கிறார் மனைவி. அம்மாவுக்கு மல்லிகை, கறிவேப்பிலை, முருங்கை, நான்கு வாழை. எனக்கு என்ன வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லத் தெரியாது. அதனால்தான் இங்கே வந்திருக்கிறேன்.

---

வேம்படி | மார்ச் 9, காலை 8.15

பட்டியலில் கோனோகார்பஸ் இருக்கிற வரியை முதலில் அடித்துவிடுங்கள். குஜராத் 2023-இலேயே தடை செய்தது. தமிழ்நாடு அரசும் 2025 தொடக்கத்தில் தடை விதித்துவிட்டது. பண்ணையில் மிஞ்சிக் கிடப்பதை யார் தலையிலாவது கட்டப் பார்க்கிறார்கள்.

---

மண்ணாய்வு | மார்ச் 9, காலை 11.02

தம்பி, வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். செடியைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். சித்திரை வெயிலில் புல்தரை ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் குடிக்கும். 4 சென்ட் என்பது 162 சதுர மீட்டர். ஆக, நாளொன்றுக்கு 810 லிட்டர். மாசிக் கடைசியிலிருந்து வைகாசி முடியும் வரை 100 நாள் என்று வையுங்கள், 81,000 லிட்டர் ஆகிறது. உங்கள் மொட்டைமாடி 111 சதுர மீட்டர். கோவையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் மழை. ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் பிடித்தாலும் 72,000 லிட்டர்தான் கிடைக்கும். ஆண்டு முழுக்க மாடியில் விழுந்த மழையை அந்தப் புல் நூறே நாளில் குடித்துவிட்டு, இன்னும் 9,000 லிட்டர் எங்கே என்று கேட்கும்.

அடுத்தது மண். வீடு கட்டும்போது தோண்டிய மண்ணைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகச் சுண்டைக்காய் அளவில் கட்டிகள் கிடக்கின்றனவா? ஒரு கட்டியை எடுத்து அதன்மேல் கொஞ்சம் வினிகர் விடுங்கள். சுரீர் என்று நுரைத்தால் அது சுக்கான். மண்ணில் சுண்ணாம்பு ஏறியிருக்கிறது என்று பொருள். அந்த மண்ணில் இட்லிப்பூச் செடி வைத்தால் மூன்றாவது மாதம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்புச்சத்து இருக்கும், வேரால் அதை எடுக்க முடியாது. அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். அடுத்த தளிர் மறுபடியும் வெளுக்கும். ஆயுள் முழுக்க மருத்துவம் பார்க்க வேண்டிய செடியை எதற்கு வாசலில் வைக்க வேண்டும்?

வேளாண்மைப் பல்கலைக்கழகம் உங்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கிறது. அரைக் கிலோ மண்ணைப் பையில் போட்டுக்கொண்டு போய் ஆய்வுக்குக் கொடுங்கள்.

---

புதுவீட்டுக்காரன் | மார்ச் 9, இரவு 9.30

ஐயா, வினிகர் இல்லை, பழைய எலுமிச்சை ஊறுகாயின் சாறுதான் இருந்தது. விட்டேன். நுரைத்தது. அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

---

பசுங்கரை | மார்ச் 10, காலை 6.50

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், நீங்கள் குறிப்பிட்டவர் நான் இல்லை. புல்தரை என்றாலே பாவம் என்பதுபோல இங்கே பேசுகிறார்கள். வாடிக்கையாளர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, இதுபோல வேண்டும் என்கிறார். வேண்டாம் என்றால் அடுத்தவரிடம் போகிறார். நாங்களும் சோறு தின்ன வேண்டும்.

இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன். மெக்சிகன் புல் விரித்த இரண்டாவது வாரம் படத்தில் பார்த்த மாதிரியே இருக்கும். ஓராண்டு கழித்து மேடும் பள்ளமுமாக மெத்தை போலப் பொங்கும். வெட்டினால் அடியில் காய்ந்த பழுப்பு வெளியே தெரியும். குழந்தை ஓடி விளையாட வேண்டும் என்றால் அருகம்புல் போதும். மிதிபடும், காயும், ஒரு மழையில் எழுந்துவிடும். நிழலில் மட்டும் அது வராது. 4 சென்ட் வேண்டாம், 1 சென்ட் போடுங்கள். பெரியவர் சொன்ன 810 லிட்டர் 200 ஆகிவிடும். அருகுக்கு அந்த 200 கூடத் தேவைப்படாது, இரண்டு நாள் விட்டுப் பாய்ச்சினாலும் உயிரோடு இருக்கும்.

இன்னொன்று. புல்லுக்காகச் 'செம்மண் லோடு' இறக்கச் சொல்வார்கள். இறக்காதீர்கள். லாரியில் மண்ணோடு கோரைக் கிழங்கும் பார்த்தீனியம் விதையும் இலவசமாக வரும். கோரையைக் கையால் பிடுங்கினால் தாள்தான் வரும், கிழங்கு உள்ளேயே இருந்துகொண்டு நான்காகக் கிளைக்கும். ஒரு வீட்டில் அதை எடுக்க இரண்டு பேர் பதினோரு நாள் களைக்கொத்தோடு உட்கார்ந்தார்கள். அடுத்த மழைக்கு எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

---

ஓடைக்கரை | மார்ச் 10, காலை 9.20

அந்தச் செம்மண் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகத் தோண்டிய குழிகளை ஒருமுறை போய்ப் பாருங்கள். 2021-இல் சூளைகளை மூடினார்கள், குழிகள் அப்படியே கிடக்கின்றன. மலையடிவாரத்தைத் தோண்டி எடுத்து வந்து மலையடிவாரத்தில் தோட்டம் போடுவது என்ன நியாயம்?

---

தடாகத்து அக்கா | மார்ச் 10, மதியம் 2.10

தம்பி, அம்மா கேட்கிற வாழையைப் பற்றி யாரும் பேசவில்லையே.

எங்கள் வீட்டில் பின்புறம் நான்கு பூவன் இருந்தது. ஒன்று தார் தள்ளி, காய் முற்றி, இன்னும் பத்து நாளில் வெட்டலாம் என்று இருந்தோம். இரவு இரண்டு மணி இருக்கும். பழைய வேட்டியை நீளவாக்கில் கிழிப்பது போல ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. சமையலறை ஜன்னலைக் கால்வாசி திறந்து பார்த்தால், அவ்வளவு பெரிய உருவம், மூச்சுக் காற்று கேட்கிற தூரத்தில், மரத்தை மட்டை மட்டையாக உரித்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. காயைக்கூட அவசரப்பட்டு எடுக்கவில்லை. முதலில் தண்டு. நாங்கள் விளக்கைப் போடவில்லை, பேசவில்லை. அரை மணி நேரம் கழித்து வந்த வழியே போனது. போகிற போக்கில் சொட்டுநீர்க் குழாயையெல்லாம் காலால் மண்ணுக்குள் அழுத்திவிட்டது. ஒவ்வொரு சுவட்டிலும் ஒரு குடம் தண்ணீர் நிற்கும்.

அன்றிலிருந்து வாழை, பலா, கரும்பு மூன்றும் எங்கள் வளாகத்துக்குள் இல்லை. அரிசி மூட்டையும் வெல்லமும் ஜன்னலோரம் வைப்பதில்லை. யானை தின்னாத செடி என்று சொல்லி எதையாவது விற்பார்கள், நம்பாதீர்கள். தின்னாவிட்டாலும் மிதிக்கும். கம்பியில் வீட்டு மின்சாரத்தைக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள். யானையும் சாகும், பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சாகும், சிறைக்குப் போவது நீங்கள்.

---

புதுவீட்டுக்காரன் | மார்ச் 10, மாலை 6.45

அக்கா, இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வாழை வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார். பாம்புக்குச் சிறியாநங்கை மட்டும் கட்டாயம் வைக்க வேண்டுமாம்.

---

வேம்படி | மார்ச் 10, மாலை 7.05

வையுங்கள், அழகான செடி. எங்கள் வீட்டில் கட்டுவிரியன் சுருண்டு படுத்திருந்தது சிறியாநங்கைத் தொட்டிக்கு அடியில்தான்.

---

தடாகத்து அக்கா | மார்ச் 10, மாலை 7.20

செங்கல் குவியல், தேங்காய் மட்டைக் குவியல், எலிவளை இந்த மூன்றும் இல்லாமல் இருந்தால் போதும். பாம்பு எலியைத் தேடித்தான் வருகிறது. வாசலிலிருந்து கேட் வரைக்கும் கால் வைக்கிற இடம் தெரிகிற மாதிரி வெறுந்தரையாக வைத்திருங்கள்.

---

கல்கட்டு | மார்ச் 11, காலை 10.30

எல்லோரும் முன்பக்கத்தையே பேசுகிறீர்கள். எனக்குப் பயமாக இருப்பது பின்பக்கம். 4 அடிக்கு மண் அடித்து மட்டம் செய்வது என்றால், அத்தனை மண்ணையும் தாங்கப் போவது உங்கள் கிழக்கு மதில்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். தொண்டாமுத்தூர் சாலையில் என் இடமும் இப்படித்தான் சரிவு. ஹாலோ பிளாக்கில் 5 அடி மதில் எழுப்பி, உள்ளே கரிசலும் கட்டட இடிபாடும் கொட்டி மட்டம் செய்தார்கள். நீர் வடியத் துளை விடச் சொன்னேன். 'பக்கத்து இடத்துக்காரர் சண்டைக்கு வருவார்' என்றார் ஒப்பந்தக்காரர். ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் காலையில் மதிலில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். மதியம் அதில் என் விரல் நுழைந்தது. மாலை ஐந்தரைக்கு 30 அடி நீளம் அப்படியே பக்கத்து இடத்தில் சாய்ந்தது. ஆள் யாரும் இல்லை. ஈரக் கரிசல் ஊதித் தள்ளுகிற வேகம் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். அதன்பிறகு பக்கத்து இடத்துக்காரர் சண்டைக்கும் வந்தார்.

இப்போது அதே இடத்தில் இரண்டு படிகளாக வெட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றும் 2 அடி. சாந்து பூசாமல் அடுக்கிய கருங்கல், ஒவ்வொரு வரிசையும் உள்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். கல்லுக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி. படியின் விளிம்பில் முக்கால் அடிக்கு ஒன்றாக வெட்டிவேர். அதன் வேர் 2 மீட்டருக்கு மேல் நேராக இறங்கும், பக்கவாட்டில் ஓடாது. அதற்குப் பின் மூன்று மழைக்காலம் போய்விட்டது, ஒரு கல்லும் நகரவில்லை.

உங்கள் முன்பக்கம் வேறு கதை. சாலை மேலே இருப்பதால் மழைத் தண்ணீர் முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும். வீட்டுக்குப் பத்தடி தள்ளி, இடத்தின் 60 அடி அகலத்துக்கும் குறுக்கே ஒன்றரை அடி அகலம், ஓரடி ஆழத்தில் ஒரு வாய்க்கால் எடுங்கள். ஒரு தடவை நிரம்பினால் 2,500 லிட்டர் பிடிக்கும். மிஞ்சுவது வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்க உறிஞ்சுகுழிக்குப் போகட்டும். மழைநீர் சேகரிப்பு 2003-இலிருந்து கட்டாயம், குழி எப்படியும் தோண்டியிருப்பீர்கள். திறந்து பாருங்கள், பல வீடுகளில் உள்ளே சிமென்ட் சாக்குதான் இருக்கும்.

---

மண்ணாய்வு | மார்ச் 11, மதியம் 12.15

கல்கட்டு சொல்வது பொன்னான வார்த்தை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். உங்கள் இடத்தில் பழைய பள்ளம் ஏதாவது ஓடியதா என்று ஊரில் வயதானவர்களிடம் கேளுங்கள். மனைப்பிரிவு போடுகிறவர்கள் ஓடையை நிரப்பிவிடலாம், மழை மறக்காது.

---

ஆடிக்காற்று | மார்ச் 11, இரவு 8.40

காற்றை மறந்துவிட்டீர்களே! பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியில் கிளம்பி ஆவணி வரை அடிக்கிற காற்று உங்கள் முன்வாசலில்தான் மோதும். தென்மேற்கு மூலையில் மரம் வேண்டும். மயில்கொன்றை வேண்டாம், கிளை முறிந்து காரின் மேல் விழும். புங்கன், மகிழம், நாவல் மூன்றும் வளைந்து கொடுக்கும். மதிலை உயர்த்திக் காற்றைத் தடுக்க நினைக்காதீர்கள். மதில் மேல் ஏறிய காற்று உள்பக்கம் குப்புற விழுந்து சுழலும். மர வரிசை பாதியை வடிகட்டி, பாதியை விடும், அதுதான் தேவை.

அம்மாவின் முருங்கைக்கு வழி இருக்கிறது. வைகாசிக் கடைசியில் இடுப்பளவுக்கு வெட்டிவிடச் சொல்லுங்கள். முறிய ஒன்றும் இருக்காது. காற்று ஓய்ந்ததும் துளிர்க்கும்.

---

நிழல்தேடி | மார்ச் 12, காலை 7.15

பாட்டில் பாமுக்குப் பதில் தென்னை வைத்தால் என்ன? காயாவது கிடைக்குமே.

---

பசுங்கரை | மார்ச் 12, காலை 7.50

2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் வந்த சுருள் வெள்ளை ஈ இன்னும் போகவில்லை. மட்டைக்கு அடியில் வட்ட வட்டமாக வெள்ளைப் பஞ்சு, கீழே சொட்டுகிற தேன்பிசின், அதன்மேல் கரி அப்பினாற்போல் பூஞ்சை. தென்னைக்கு அடியில் கார் நிறுத்துகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். மருந்து அடித்தால் அந்த ஈயைத் தின்று அழிக்கிற நல்ல பூச்சியும் சாகும், தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதுதான் வழி. 600 அடி ஆழத்திலிருந்து எடுத்த தண்ணீரைத் தென்னை குளிக்கக் கொடுக்கப் போகிறீர்களா?

---

கொறங்காட்டான் | மார்ச் 12, இரவு 10.05

காங்கேயத்துக்காரன் நான், நகரத்துத் தோட்டம் பற்றி ஒன்றும் தெரியாது. வேலிக்கு மட்டும் ஒரு வார்த்தை. எங்கள் கொறங்காடுகளை, அதாவது மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நிற்பது எல்லாம் கிளுவை வேலி. தாத்தா வைத்தது இன்னும் நிற்கிறது. மாசி, பங்குனியில் இலை கொட்டிய மரத்திலிருந்து கட்டைவிரல் பருமனில் போத்து வெட்டி, அரையடிக்கு ஒன்றாக ஊன்றினால் போதும். தண்ணீர் அதிகம் விட்டால்தான் அழுகும். முள் இருக்கிறது, ஆடு மாடு நுழையாது. வெயிலில் குச்சி குச்சியாக நிற்கும், முதல் மழைக்கு ஒரே வாரத்தில் பச்சை பிடிக்கும். அந்தக் குச்சிக் காலத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், பட்டணத்தில் அதுதான் முடியாது.

---

புதுவீட்டுக்காரன் | மார்ச் 13, காலை 6.30

விலைப்பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 'கூகுளைப் பார்த்துக் கெட்டுப் போகிறீர்கள்' என்றார். கூகுள் இல்லை, காங்கேயம் என்றேன்.

---

புதுவீட்டுக்காரன் | டிசம்பர் 7, காலை 8.10

ஒன்பது மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்க வேண்டும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மண் ஆய்வில் காரத்தன்மை (pH) 8.4. இட்லிப்பூ ஆசையை விட்டோம். 1 சென்ட்டில் அருகம்புல். வெளி மண் இறக்கவில்லை, இருந்த மண்ணையே சலித்துத் தொழு உரம் கலந்தோம். மீதி முன்வாசலில் நாட்டுச் செங்கல் பதித்த நடைபாதை, இருபுறமும் ஆவாரை, மந்தாரை, ஒரு பவளமல்லி. தென்மேற்கு மூலையில் இரண்டு புங்கன், ஒரு மகிழம். குழி இரண்டடிக்கு இரண்டடி எடுத்து, பதினைந்து நாள் வெயிலில் காய விட்டுத்தான் நட்டோம். ஆடிக்காற்றில் மகிழம் சாய்ந்தது. முட்டுக்கம்போடு விறைப்பாக இழுத்துக் கட்டியது என் தவறு. கயிற்றை எட்டுப் போட்டது போலத் தளர்வாகக் கட்டிய புங்கன் இரண்டும் நிமிர்ந்தே நின்றன.

பின்பக்கம் இரண்டு படி, கருங்கல். கொத்தனார் சாந்து பூசியே தீருவேன் என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டார். அக்டோபர் மூன்றாம் வாரம் கொட்டிய மழையில் முன் வாய்க்கால் இரண்டு முறை நிரம்பி வழிந்தது. பழுப்புத் தண்ணீர் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய் உறிஞ்சுகுழியில் இறங்குவதைக் குடையோடு நின்று பார்த்தேன். கல்கட்டு அண்ணா, குழிக்குள் நிஜமாகவே சிமென்ட் சாக்கு இருந்தது. ஏழு.

மூடாக்குக்குத் தென்னமட்டை போட்டதில் கரையான் ஏறியது. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும் என்று மண்ணாய்வு ஐயா தனியாக எழுதிச் சொன்ன பிறகு சரியாயிற்று. மயில்கள் கீரைப் பாத்தியைக் காலி செய்துவிட்டன. அதற்கு அம்மா பழைய மீன்வலையை விரித்து வைத்திருக்கிறார். போன வாரம் காட்டுப்பன்றி வந்து அருகம்புல்லில் பாதியை முகத்தால் உழுது புழுவைத் தின்றுவிட்டுப் போனது. உழுத இடத்தில் குழந்தை இப்போது மண் வீடு கட்டுகிறாள். புல்லைவிட அது அவளுக்குப் பிடித்திருக்கிறது.

---

தடாகத்து அக்கா | டிசம்பர் 7, காலை 9.00

பன்றி வந்த வழியைப் பாருங்கள் கண்ணு. கேட்டுக்கு அடியில் இடைவெளி இருக்கும்.

---

புதுவீட்டுக்காரன் | டிசம்பர் 7, காலை 9.25

ஒரு முழம் இருக்கிறது அக்கா. இன்று அடைத்துவிடுகிறேன்.

---

நிழல்தேடி | டிசம்பர் 7, மதியம் 1.40

கிளுவை என்ன ஆயிற்று? போத்து எங்கே கிடைத்தது?

---

புதுவீட்டுக்காரன் | டிசம்பர் 7, மதியம் 2.15

கொறங்காட்டான் அண்ணா பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். இரண்டு சாக்கு, 240 குச்சி. பங்குனியில் ஊன்றியது. ஆனி வரைக்கும் தெருவில் போகிற ஒவ்வொருவரும் 'செத்த குச்சியை ஏன் நட்டு வைத்திருக்கிறீர்கள்' என்று கேட்டார்கள். 190 பிழைத்திருக்கின்றன. இடைவெளிக்கு வரும் மாசியில் இன்னும் 50 வேண்டும், உங்களுக்கும் சேர்த்துச் சொல்லட்டுமா?